உட்காரத் தெரியாதவன்

டைரியில் சிவப்பு மையில் வந்திருந்தது:
'அதியன் இருக்கையில் அமர்வதில்லை.
பெற்றோர் நேரில் வரவும்.'
ஐந்தாம் வகுப்பு தொடங்கி இது மூன்றாவது.
நைட் ஷிப்ட் முடிந்து
சிப்காட் வாடை சட்டையில் இருக்க
குளிக்காமலே போனேன்.

பிரின்சிபால் மீட்டிங்கில் இருந்தார்.
"ஃபைவ் பி காலியாத்தான் இருக்கு சார்,
அங்க உட்காருங்க."

உட்கார்ந்தேன்.
முட்டி மேசையில் இடித்தது.
இடது காலை நீட்டினேன், மடக்கினேன்.
பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினேன்.
அணைந்த ஸ்மார்ட் போர்டில்
என் முகம் கறுப்பாகத் தெரிந்தது.
சுவரில் பதினோரு விதிகள்.
ஒன்பது 'கூடாது' என்று முடிந்தன.
எண்ணி முடித்தபோது
ஜன்னலோரம் நின்றிருந்தேன்.
எப்போது எழுந்தேன், தெரியவில்லை.

வெளியே,
சேர்க்கும்போது நோட்டீஸில்
'பரந்த விளையாட்டு மைதானம்' என்று போட்டிருந்த இடத்தில்
பதினாறு மஞ்சள் பஸ்கள்.

"பையன்களே இப்படித்தான் சார்.
மூத்த பொண்ணைப் பாருங்க, நறுமுகை,
செவன்த்ல இருக்கா.
இருக்கற எடமே தெரியாது" என்றார்.
"செல்போன் குடுக்காதீங்க" என்றார்.
வீட்டுப்பாடமே அதில்தானே மேடம் வருகிறது
என்று கேட்டிருக்கலாம்.
இரண்டாம் தவணை பாக்கி.
கேட்கவில்லை.

சாயங்காலம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வரும்போது
முதுநகர் கேட் மூடிக்கிடந்தது.
உப்பனாற்றுக் காற்றும் மீன் வண்டித் தண்ணீரும்
எல்லார் மேலும் சமமாக அடித்தன.
கூட்ஸ் வந்தது.
பெட்ரோல் டேங்க் மேல் அதியன் ஏறி நின்றான்.
இறங்குடா என்று நான் சொல்லவில்லை,
இன்றைக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"நாப்பத்திரெண்டு பொட்டிப்பா" என்றான்.
"பொட்டிக்கு எட்டு சக்கரம்.
நாப்பது எட்டு முந்நூத்தி இருவது.
ரெண்டெட்டு பதினாறு.
மொத்தம் முந்நூத்தி முப்பத்தாறு.
இன்ஜினைச் சேக்கல."

போன வாரத் தாளில்
ஏழெட்டு எவ்வளவு என்ற கட்டத்தை
வெறுமனே விட்டிருந்தவன்.

என் தலைக்குள் ஒரு மைக் செட் முழங்க ஆரம்பித்தது.
பையன்களின் மூளை காலில் இருக்கிறது மேடம்,
நாற்பத்தைந்து நிமிஷம் காலைக் கட்டிவிட்டுத்
தலையைக் கேட்கிறீர்கள்,
மைதானத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு
ஓடுகிறவனைக் கவுன்சிலிங்குக்கு அனுப்புகிறீர்கள்...
நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.
நாளைக்கே போய்ச் சொல்லிவிடுவது என்றிருந்தேன்.

"நாப்பத்திமூணு."

பின்னாலிருந்து குரல்.
"கடைசியில கார்டு பொட்டி இருந்துச்சு.
அவன் விட்டுட்டான்."

நீ எப்போ எண்ணின?

"நானுந்தான் எண்ணுவேன்."

கிளாஸில் உனக்குக் கால் குடையாதா என்று கேட்டேன்.
ஏன் கேட்டேன் என்று தெரியாது,
இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.

"குடையும்.
ஷூவுக்குள்ள வெரலை மட்டும் ஆட்டிக்குவேன்.
வெளிய தெரியாது."

மைக் செட் நின்றுவிட்டது.
அவளுக்கு டைரியில் ஒருநாளும் சிவப்பு மை வந்ததில்லை.
ஆண்டு விழாவில்
'அமைதியான மாணவி' என்று
ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொடுத்தார்கள்.
டிவி மேல் இருக்கிறது.
நான்தான் துடைத்து வைப்பேன்.

கேட் தூக்கினார்கள்.
ஹாரன், ஷேர் ஆட்டோ, கெட்ட வார்த்தை,
எல்லாரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்தார்கள்.
எனக்கு முன்னாலும் பின்னாலும்
சண்டை தொடங்கிவிட்டது:
கார்டு பெட்டிக்கும் எட்டுச் சக்கரமா,
நாலுதானா.

"அப்பா, நீ சொல்லு."

பத்து வருஷமாக இந்தக் கேட்டில் நிற்கிறேன்.
பார்த்ததில்லை.

நாளைக்கு நின்று பார்ப்போம் என்றேன்.
காலையிலும் ஒரு கூட்ஸ் இருக்கிறது, எட்டே முக்காலுக்கு.
ஸ்கூலுக்கு லேட்டாகும்.